தூய்மை யாருடைய பொறுப்பு?

‘சுத்தம் சோறு போடும்’ என்பது நாம் அடிக்கடி கேட்கும் பழமொழி. வீடு தூய்மையாக இருந்தால் நோய் குறையும். உடல்நலம் இருந்தால் உழைக்கலாம். உழைத்தால் உணவுக்குக் குறை இருக்காது. ஆனால், அந்தச் சுத்தத்தை யார் செய்ய வேண்டும் என்று பழமொழி சொல்லவில்லை. பல வீடுகளில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. ‘அம்மா பார்த்துக்கொள்வார்’ என்பதே எல்லாருடைய எண்ணமாக இருக்கிறது.

இன்று சிங்கப்பூரில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில், 10 பேரில் சுமார் 6 பேர் வேலை பார்க்கிறார்கள் அல்லது வேலை தேடுகிறார்கள். மருத்துவமனை, பள்ளி, வங்கி, கடை, பேருந்து என்று அவர்கள் இல்லாத இடமே இல்லை. அவர்களுள் பலர் தாய்மார்கள்.

அத்தகைய தாய் ஒருவரின் மாலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள். அலுவலக வேலை முடிந்து, நெரிசல் மிகுந்த பெருவிரைவு ரயிலில் நின்றபடியே வருகிறார். வழியில், மாணவர் பராமரிப்பு நிலையத்திலிருந்து இளைய பிள்ளையை அழைத்துக்கொள்கிறார். வீட்டில், காலையில் பால் காய்ச்சிய பாத்திரம் கழுவப்படாமல் கிடக்கிறது. சன்னலுக்கு வெளியே கழியில் காயப்போட்ட துணிகள் மழையில் நனைந்திருக்கின்றன. இரவு உணவைச் சமைக்க வேண்டும். அடுப்பைத் துடைக்க வேண்டும். தரையைக் கூட்ட வேண்டும். குப்பையைக் கட்டிப் போட வேண்டும். சம்பளம் தரும் வேலை முடிந்த பிறகு, சம்பளம் இல்லாத வேலை தொடங்குகிறது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேலையும் உண்டு. சலவைத்தூள் தீரப்போகிறது, நாளை மகனுக்கு உடற்கல்விப் பாடம், பாட்டியின் மருந்து இரண்டு நாளுக்குத்தான் வரும் என்பவற்றை எல்லாம் ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். கை ஓய்ந்தாலும் மனம் ஓய்வதில்லை. ‘என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால் செய்கிறேன்’ என்று மற்றவர்கள் சொல்லும்போது, சொல்வதும் அவருக்கு ஒரு வேலையாகிவிடுகிறது.

முற்காலத்தில் வீட்டைத் தூய்மையாக வைத்திருப்பது இதைவிடக் கடினமாக இருந்தது. துணி வெளுப்பதையே எடுத்துக்கொள்வோம். அது கையாலும் கல்லாலும் செய்த வேலை. ‘டோபி காட்’ என்னும் பெயர் அதை இன்றும் நினைவூட்டுகிறது. ‘டோபி’ என்றால் சலவைத் தொழிலாளி. ‘காட்’ என்றால் படித்துறை. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கு ஓடிய ஓடையில் துணிகளைத் துவைத்து, அருகிலிருந்த புல்வெளியில் காயப்போட்டார்கள். நகரின் நடுப்பகுதியில் இருந்த பழைய கடைவீடுகளில் பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. ஒரே சமையற்கட்டையும் ஒரே கழிவறையையும் அவை பகிர்ந்துகொண்டன. அந்தக் கழிவறைகளில் வாளிகள்தாம் இருந்தன. தொழிலாளர்கள் வந்து அந்த வாளிகளை எடுத்துச் செல்வார்கள். இந்த முறை 1987ஆம் ஆண்டில்தான் சிங்கப்பூரில் முற்றிலும் முடிவுக்கு வந்தது.

1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. அது கட்டிய அடுக்குமாடி வீடுகளில் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் தனிக் கழிவறையும் இருந்தன. பின்னர் சலவை இயந்திரங்களும் வந்தன. 1970களில் மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகியபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்குச் செல்லத் தொடங்கினார்கள். வீடு மாறியது, கருவிகள் மாறின, பெண்களின் வாழ்க்கையும் மாறியது. ஆனால், வீட்டு வேலை யாருடையது என்ற எண்ணம் மட்டும் அதே வேகத்தில் மாறவில்லை.

வீட்டுக்கு வெளியே நாம் வேறு பாடம் கற்றுக்கொண்டோம். 1968 அக்டோபர் 1ஆம் தேதி, பிரதமர் லீ குவான் இயூ ‘சிங்கப்பூரைத் தூய்மையாக வைத்திருப்போம்’ என்னும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். தெருவைக் கூட்டுபவர் மட்டுமே நகரைத் தூய்மையாக வைத்திருக்க முடியாது, குப்பை போடாமல் இருப்பது ஒவ்வொருவரின் கடமை என்பது அதன் அடிப்படை. 2017 முதல், கல்வி அமைச்சின் எல்லாப் பள்ளிகளிலும் மாணவர்கள் நாள்தோறும் துப்புரவுப் பணியில் ஈடுபடுகிறார்கள். 2021 செப்டம்பர் முதல், உணவங்காடி நிலையங்களில் உண்டவர்களே தட்டைத் திருப்பி வைக்க வேண்டும் என்னும் விதி நடைமுறைப்படுத்தப்படுகிறது. தேக்கா நிலையத்தில் தோசை சாப்பிட்டுவிட்டுத் தட்டை எடுத்துச் சென்று வைக்கும் அதே பிள்ளை, வீட்டில் சாப்பிட்ட தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போவது பொருத்தமா?

தூய்மையில் கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு டெங்கிக் காய்ச்சல் சிறந்த எடுத்துக்காட்டு. 2020ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்டோர் டெங்கியால் பாதிக்கப்பட்டார்கள். இந்த நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு அழுக்கான சாக்கடையைவிட வீட்டில் தேங்கும் தெளிந்த நீரையே விரும்புகிறது. 20 காசு அளவு நீர் தேங்கினாலும் அதற்குப் போதும். முட்டை கொசுவாக வளர ஏறக்குறைய ஒரு வாரமே ஆகும்.

அந்த நீர் எங்கே தேங்குகிறது? கறிவேப்பிலைச் செடியின் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில், பாத்திரங்களை அடுக்கும் கூடையின் அடித்தட்டில், குளியலறை வாளியில், பூ வைத்த சாடியில். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்புறத்தில் முட்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரம் இல்லாவிட்டாலும் அவை பல மாதங்கள் கெடாமல் இருக்கும்; மீண்டும் நீர் பட்டதும் பொரிந்துவிடும். ஆகவே, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, வாளியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வீட்டுக்கு வந்து சோதிக்கும்போது கொசுப்புழு இருந்தால் அபராதம் உண்டு. அபராதத்தைவிடப் பெரியது நோய். அது அண்டை வீட்டுக் குழந்தையையும் தாக்கலாம். இத்தனை இடங்களையும், களைத்து வரும் ஒருவரே வாரந்தோறும் பார்க்க வேண்டும் என்று விட்டுவிடுவது வீட்டுக்கே ஆபத்து.

சில குடும்பங்கள் இல்லப் பணிப்பெண்ணை அமர்த்தி இந்தச் சிக்கலைத் தீர்க்கின்றன. ஆனால், அவரும் ஒரு தொழிலாளி. அவருக்கும் ஓய்வு வேண்டும். 2023 ஜனவரி 1 முதல், மாதத்தில் ஒரு நாளாவது அவருக்குக் கட்டாயம் ஓய்வு தர வேண்டும். அந்த நாளுக்குப் பதிலாகப் பணம் கொடுத்து வேலை வாங்க முடியாது. அந்த ஒரு நாளில் வீடு எப்படி இருக்கிறது என்று பார்த்தாலே, குடும்பத்தினர் தங்கள் வேலையைத் தாங்களே செய்யப் பழகியிருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும்.

இதைப் பற்றிச் சட்டமும் பேசியிருக்கிறது. 1961இல் சிங்கப்பூரில் மாதர் சாசனம் நிறைவேறியது. முஸ்லிம் அல்லாதோரின் திருமணங்களுக்குப் பொருந்தும் அச்சட்டம், குடும்பத்தை நடத்துவதில் கணவன், மனைவி இருவருக்கும் சம உரிமை உண்டு என்கிறது. பிள்ளைகளைப் பேணுவதில் இருவரும் ஒத்துழைக்கக் கடமைப்பட்டவர்கள் என்றும் சொல்கிறது. 2025 ஏப்ரல் முதல், தகுதி பெறும் தந்தையருக்குச் சம்பளத்துடன் 4 வார விடுப்பு கிடைக்கிறது. குழந்தையைக் குளிப்பாட்டுவதும் அதன் துணியைத் துவைப்பதும் தந்தைக்கும் உரிய வேலைகள் என்பதை நாடு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

ஆயினும், சட்டம் சமையலறைக்குள் வந்து பாத்திரம் கழுவாது. அங்கே மாற வேண்டியது நம் பேச்சும் பழக்கமும். ‘அம்மாவுக்கு உதவி செய்கிறேன்’ என்று பிள்ளைகள் பெருமையாகச் சொல்வதுண்டு. சொல் நல்லதுதான். ஆனால், ‘உதவி’ என்றால் வேலை அம்மாவுடையது, மற்றவர்கள் விரும்பினால் கை கொடுக்கலாம் என்று பொருளாகிவிடுகிறது. எல்லாரும் உண்ணும் தட்டு, எல்லாரும் நடக்கும் தரை, எல்லாரும் பயன்படுத்தும் குளியலறை ஆகியவற்றைத் தூய்மைப்படுத்துவது எப்படி ஒருவருடைய வேலையாகும்? அதில் மற்றவர்கள் செய்வது உதவியன்று, அவரவர் பங்கு.

பங்கு என்றால் ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஏற்றுக்கொள்வதாகும். துணி துவைப்பதை ஏற்றுக்கொண்ட அண்ணன், அழுக்குத் துணிகளைத் திரட்டுவது, துவைப்பது, காயப்போடுவது, மழைக்கு முன் எடுப்பது, மடித்து வைப்பது, சலவைத்தூள் தீரும் முன் வாங்குவது ஆகிய அனைத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். செடித்தட்டுகளையும் வாளிகளையும் வாரம் ஒரு முறை கவனிக்கத் தங்கைக்குச் சில நிமிடங்கள் போதும். யாரும் நினைவூட்டத் தேவையில்லாதபோதுதான் தாயின் மனச்சுமை உண்மையில் குறைகிறது.

தீபாவளி நெருங்கும்போது பல தமிழர் வீடுகளில் இந்த ஒற்றுமையைக் காணலாம். லிட்டில் இந்தியாவில் அலங்கார விளக்குகள் எரியத் தொடங்கியதும் வீட்டில் அப்பா மின்விசிறியைத் துடைக்கிறார். பிள்ளைகள் அலமாரியை ஒழுங்குபடுத்துகிறார்கள். தாத்தா குத்துவிளக்கைத் துலக்குகிறார். ஆண்டுக்கு ஒரு முறை எல்லாராலும் செய்ய முடிகிற வேலையை, மற்ற நாள்களிலும் எல்லாரும் பகிர்ந்து செய்ய முடியும்.

அதற்குத் தொடக்கமாக ஒரு சிறிய முயற்சியைச் செய்து பாருங்கள். உங்கள் வீட்டில் ஒரு வாரம் நடக்கும் எல்லா வேலைகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைச் செய்தவரின் பெயரைக் குறியுங்கள். நினைவில் வைத்துத் திட்டமிட்டவரின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அந்தத் தாளைக் குடும்பத்தார் அனைவருடனும் சேர்ந்து படியுங்கள். பிறகு, அதில் ஒரு வேலைக்கு எதிரே உங்கள் பெயரை எழுதுங்கள். அடுத்த வாரத்திலிருந்து அது உங்கள் பங்கு.