கடனுக்காகக் கூலியைப் பிடிக்க முடியுமா?

பழவேற்காடு ஏரியை ஒட்டிய சுண்ணாம்புக்குளம் பகுதியில் ஒரே குடும்பத்தில் தகப்பனார் நெல் பயிரிடுவார். தம்பி ஏரியில் வலை வீசுவார். மகன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போவார். விதைக்கும் கடன், வலைக்கும் கடன். மழை பொய்த்தாலோ இறால் பாடு குறைந்தாலோ தவணை தவறிவிடும். உடனே கடன் கொடுத்தவர், "உன் மகன் கம்பெனிக்கே போய்ச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வேன்" என்பார். அதற்குப் பயந்து உழவு மாட்டையும் விதை நெல்லையும் விற்றுக் கொடுப்பவர்கள் உண்டு. சட்டம் தெரிந்தால் இந்த நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

யார் பிடிக்கலாம்?

கடன் கொடுத்தவர் தாமாகவே கூலியைப் பிடிக்க முடியாது. அவர் வழக்குத் தொடுத்து, டிக்ரி பெற்று, அதை நிறைவேற்ற மனுச் செய்ய வேண்டும். நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் முதலாளி பிடித்தம் செய்வார். தகப்பனார் வாங்கிய கடனுக்கு, ஜாமீன் கையெழுத்துப் போடாத மகனின் சம்பளத்தைப் பிடிக்க இயலாது. ஜாமீன் போட்டிருந்தால் மகனும் பொறுப்பாளியே.

ஜப்தி செய்யக் கூடாதவை

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 60ஆம் பிரிவு இவற்றுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது:

1. தொழிலாளியின் கூலி. பணமாயினும் நெல்லாயினும் சரி. போனசும் இதில் அடங்கும்.

2. விவசாயியின் உழவுக் கருவிகள். பிழைப்புக்குத் தேவை என நீதிமன்றம் கருதும் மாடுகள், விதை தானியம்.

3. விவசாயியோ கூலித் தொழிலாளியோ குடியிருக்கும் சொந்த வீடு. அடமானம் வைத்த வீட்டை அந்த அடமானக் கடனுக்கு இது காப்பாற்றாது.

"இந்தப் பாதுகாப்பு எனக்கு வேண்டாம்" என்று முன்கூட்டி எழுதி வாங்கியிருந்தாலும் அது செல்லாது.

மாதச் சம்பளக்காரர்

தொழிலாளி என்ற வகையில் வராத மாதச் சம்பளக்காரருக்குக் கணக்கு வேறு. முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. சம்பளம் 16,000 ரூபாய் என்றால், 1,000 போக மீதி 15,000. அதில் மூன்றில் ஒரு பங்கான 5,000 ரூபாயை மட்டுமே மாதந்தோறும் பிடிக்கலாம். ஒரே டிக்ரிக்காக மொத்தம் 24 மாதம் பிடித்தபின் அந்த டிக்ரிக்கு மேலும் பிடிக்க முடியாது. மனைவி, மக்களின் ஜீவனாம்ச டிக்ரியானால் இதைவிட அதிகமாகப் பிடிக்கலாம்.

சம்மன் வந்தால்

சம்மனை வாங்காமல் ஒளிவதுதான் பெருந்தவறு. நீங்கள் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக டிக்ரி ஆகிவிடும். அதை நீக்கக் கோர 30 நாட்களே கெடு. வாய்தா தவறாமல் ஆஜராகி, கட்டிய தொகைக்கான ரசீதுகளைக் காட்டுங்கள். தவணை முறையில் கட்ட அனுமதி கேளுங்கள். ஜப்தி மனு வந்தால், "இது கூலி, 60ஆம் பிரிவில் வருகிறது" என்று எழுத்து மூலம் ஆட்சேபியுங்கள். சம்பளச் சீட்டையும் வேலை அடையாள அட்டையையும் கொண்டு செல்லுங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், குறைந்த வருமானத்தினர் ஆகியோருக்குச் சட்டப்பணிகள் குழு இலவசமாக உதவுகிறது. தொலைபேசி எண் 15100.

கொடுத்த முன்பணத்துக்காக ஆளை வெளியே விடாமல் வேலை வாங்குவது, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கடனே ரத்தாகிவிடும். கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ முறையிடலாம்.

மற்றக் கடன்கள் ஜப்தி இல்லை என்பதால் தீர்ந்துபோவதில்லை. முடிந்ததைத் தவணையாகக் கட்டி, ஒவ்வொரு முறையும் ரசீது வாங்குங்கள். உழவு மாடும் விதை நெல்லும் கையில் இருந்தால்தான் அடுத்த போகத்தில் அந்தக் கடனை அடைக்க வழி உண்டு.