கம்ப்யூட்டரில் வெளிநாட்டு நேரம்

பல்லடத்தில் வளர்ந்து, இன்ஜினியரிங் முடித்து, இப்போது அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் சாப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியதும் அம்மா கேட்ட முதல் சந்தேகம், "இதுல உங்க ஊர் மணி தெரியுமா கண்ணு?" என்பதுதான். தெரியும். தனி சாப்ட்வேர் எதுவும் தேவையில்லை.

விண்டோஸ் 11 டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் உள்ள கடிகாரத்தின் மீது ரைட் கிளிக் செய்து, "அட்ஜஸ்ட் டேட் அண்ட் டைம்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். கிடைக்கும் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் "அடிஷனல் கிளாக்ஸ்" என்று இருக்கும். அதைக் கிளிக் செய்தால் ஒரு சிறு விண்டோ திறக்கும். "ஷோ திஸ் கிளாக்" கட்டத்தில் டிக் செய்து, பட்டியலில் உரிய நேர மண்டலத்தைத் தேர்வு செய்து, பிள்ளையின் பெயரை டைப் செய்து ஓகே கொடுங்கள். இப்படி இரண்டு கடிகாரங்கள் வைக்கலாம். இனி மவுஸ் பாயிண்டரை டாஸ்க்பார் கடிகாரத்தின் மேல் கொண்டுபோனாலே எல்லா நேரமும் தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டல்லாஸுக்கு "சென்ட்ரல் டைம் (யுஎஸ் அண்ட் கனடா)" என்பதுதான் சரி. அதற்கு முன்னால் "சென்ட்ரல் அமெரிக்கா" என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் குளிர்காலத்தில் சரியாகக் காட்டும், மார்ச் வந்ததும் ஒரு மணி நேரம் தவறும்.

காரணம், அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று திருப்பி வைப்பார்கள். 2007 முதல் இந்தக் கணக்குதான். நாம் மாற்றுவதில்லை. அதனால் பல்லடத்துக்கும் டல்லாஸுக்கும் கோடையில் பத்தரை மணி, குளிர்காலத்தில் பதினொன்றரை மணி வித்தியாசம். ஐரோப்பா மாற்றுவது மார்ச் கடைசி ஞாயிறு. திருப்பூரில் இரண்டு பக்கமும் பையர் வைத்திருப்பவர்களுக்கு இடைப்பட்ட இரண்டு மூன்று வாரம் தலைவலிதான்!

லண்டன் நேரத்துக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். முள் வாட்சைத் தலைகீழாகப் பிடியுங்கள். நமக்கு மூன்று மணி என்றால் ஒன்பதரை தெரியும். குளிர்காலத்தில் அதுதான் லண்டன் நேரம்.

பேசும் நேரத்தை எப்போதும் ஊர்க் கடிகாரப்படி வையுங்கள் என்பது என் யோசனை. பெரியவர்களின் காபி, மாத்திரை எல்லாம் அதன்படிதான் நடக்கும். எங்கள் வீட்டில் காலை ஏழரை. எனக்கு அது கோடையில் இரவு ஒன்பது, குளிர்காலத்தில் எட்டு. கூகுள் காலண்டரில் இந்திய நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிந்திருப்பதால், மார்ச்சிலும் நவம்பரிலும் அதுவே எனக்கு மாற்றிக் காட்டிவிடுகிறது.

ஆனால் அவசரம் நேரம் பார்த்து வருவதில்லை. ஒருநாள் பகல் பதினோரு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி. எனக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. "தூங்கீட்டிருப்பியேன்னு கூப்பிடல சாமி" என்றார் அம்மா. நல்லவேளையாக அப்பா தேறிவிட்டார். கடிகாரம் தெரிவதே சில சமயம் தயக்கத்தைக் கூட்டிவிடுகிறது.

அதனால் இதையும் செய்யுங்கள். பிள்ளையின் போனில் "டூ நாட் டிஸ்டர்ப்" போட்டிருந்தாலும் உங்கள் எண் மட்டும் ஒலிக்கும்படி, விதிவிலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பை மட்டும் நம்ப வேண்டாம். அங்கே நெட் அணைந்திருக்கலாம். உங்கள் சிம்மில் ஐ.எஸ்.டி. வசதி இருக்கிறதா என்று இன்றே கேட்டு, பிள்ளையின் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு (அமெரிக்காவுக்கு +1) சேமித்து, பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள்.