படிப்படியாக ஏறிய ஸ்கீன்ஸ்

கேள்வி: பேஸ்பாலில் மணிக்கு 100 மைல் வேகத்தில் பந்து வீசும் இளைஞரைக்கூட ஏன் நேரே மேஜர் லீகில் இறக்காமல் மைனர் லீகில் காக்க வைக்கிறார்கள்?

பதில்: வேகம் இருந்தால் போதுமா, கை தாங்க வேண்டுமே! பால் ஸ்கீன்ஸைப் பாருங்கள். 2023 டிராஃப்டில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது அவரைத்தான். ஆனாலும் பிராடென்டன், அல்டூனா, இண்டியானாபொலிஸ் என்று மைனர் லீக் அணிகள் வழியே படிப்படியாகவே ஏற்றினார்கள். 2024 சீசனின் ஆரம்ப ஆட்டங்களில் மூன்று இன்னிங்ஸ் அளவில் நிறுத்திவிட்டு, பிறகு மெல்லக் கூட்டினார்கள். மே 11 அன்று மேஜர் லீகில் இறங்கினார்; அந்த ஆண்டே நேஷனல் லீகின் சிறந்த புதுமுக வீரர் விருதும் அவருக்குத்தான்!

உங்கள் அபிமான வீரர் இன்னும் மைனர் லீகின் டபுள்-ஏ நிலை அணியில் இருந்தால் கவலை வேண்டாம். எத்தனை இன்னிங்ஸ் வீசுகிறார், எத்தனை வாக் (நான்கு தவறான பந்துகளால் எதிரணி வீரருக்கு இலவசமாக முதல் தளம்) கொடுக்கிறார் என்று கவனியுங்கள். முதலாவது கூடி, இரண்டாவது குறைந்தால், பதவி உயர்வு பக்கத்தில்தான்.