கையுறை கொடுத்தவர், பதக்கம் கொடுக்காதவர்



இந்த வாரம் எங்க ஆபீஸ்ல அப்ரைசல். எனக்குக் கீழே வேலை பார்க்கிற நாலு பேருக்கு முதல் தடவையா நான் மார்க் போடணும். அதில் ஒரு தம்பி போன மாசம் மீட்டிங்கில் எல்லார் முன்னாடியும், "அண்ணா, இந்த டிசைன் வேலைக்கு ஆகாது"ன்னு சொல்லிட்டான். அவன் சொன்னதுதான் சரி. ஆனாலும் மனசுல அது குத்திக்கிட்டே இருந்தது. ஃபார்மைத் திறந்து வெச்சுட்டு யோசிச்சப்போ ஷாக்கிள்டன் கதை ஞாபகம் வந்தது.

எர்னஸ்ட் ஷாக்கிள்டன் 1914-ல் அன்டார்க்டிகாவைக் குறுக்கே கடக்கக் கிளம்பியவர். அவருடைய 'எண்டியூரன்ஸ்' கப்பல் பனியில் சிக்கி நொறுங்கி, 1915 நவம்பரில் மூழ்கிப் போனது. 28 பேரும் பனிக்கட்டி மேலேதான் வாழணும். நல்ல கதகதப்பான தோல் படுக்கைப் பைகள் 18 தான் இருந்தன, மத்தவங்களுக்கு வெறும் கம்பளி. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஷாக்கிள்டனுக்கும் அதிகாரிகளுக்கும் கம்பளியே விழுந்தது, தோல் பைகள் மாலுமிகளுக்குப் போயின. சீட்டில் ஏதோ தில்லுமுல்லு இருக்குன்னு மாலுமிகளுக்கே சந்தேகம்! (நம்ம ஆபீஸில் நல்ல நாற்காலி யாருக்குப் போகும்னு சொல்லணுமா?)

அப்புறம் படகில் போகும்போது, போட்டோகிராபர் ஹர்லிக்குக் கையுறை இல்லை. ஷாக்கிள்டன் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். ஹர்லி வேண்டாம் என்றதும், "நீ போடலைன்னா கடல்ல எறிஞ்சிடுவேன்" என்று மிரட்டிப் போட வைத்தார். அவர் விரல்தான் பனியில் விறைத்தது.

ஆனா எனக்கு முக்கியமாப் பட்டது தச்சர் மெக்நீஷ் விஷயம். பனியில் படகுகளை இழுத்துக்கொண்டு போகும்போது, "கப்பலே போயாச்சு, இனி உங்க உத்தரவு எதுக்கு?" என்று மல்லுக்கு நின்றவர் அவர். அவருடைய செல்லப் பூனையை ஷாக்கிள்டன் உத்தரவில் சுட்டுக் கொன்றிருந்தார்கள், அந்தக் கோபமும் உண்டு. அப்படிப்பட்ட ஆளைத்தான், 1916 ஏப்ரலில் உதவி தேடிப் புறப்பட்ட சின்னப் படகில் தன்னோடு கூட்டிப் போனார். விட்டுட்டுப் போனா தீவில் இருக்கிறவங்க மனசைக் கெடுத்துடுவார் என்ற கணக்கும் அதில் இருந்தது. அந்தப் படகின் பக்கங்களை உயர்த்தி, பெட்டிப் பலகையும் கித்தானும் வெச்சு மேல்தளம் போட்டதே மெக்நீஷ்தான். அது இல்லாம சுமார் 800 கடல் மைல் கடந்திருக்க முடியாது. ஆகஸ்ட் 30-ம் தேதி, தீவில் இருந்த 22 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

ஊர் திரும்பியதும் பெரும்பாலானவர்களுக்குப் போலார் பதக்கம் கிடைத்தது. ஷாக்கிள்டன் சிபாரிசு செய்யாத நாலு பேரில் மெக்நீஷும் ஒருவர். கையுறையைக் கழற்றிக் கொடுத்த அதே மனுஷன்தாங்க! பழைய எதிர்ப்பை அவரால மறக்க முடியலை. மெக்நீஷ் 1930-ல் நியூசிலாந்தில் ஏழையா இறந்தார்.

நேத்து ராத்திரி அந்தத் தம்பியோட ஃபார்மில், டிசைன் தப்பை முதல்ல கண்டுபிடிச்சது இவன்தான்னு எழுதினேன். அந்த டிசைனைப் போட்டது நான்தான்னும் சேர்த்து எழுதியாச்சு. திங்கட்கிழமை எங்க மேனேஜர் படிப்பார்.