சிகரம் தேர்தல்

விருதுநகருக்கு அணித்தே சூலக்கரை என்னும் ஊர் உள்ளது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ நூறு மீட்டர் உயரமே உடைய சமவெளி அது. எத்திசை நோக்கினும் கரிசல் நிலம். பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்த புன்செய். இடையிடையே வேலியிட்ட பட்டாசுச் சாலைகள். மழை பெய்து ஓய்ந்த காலைப் பொழுதில், வானம் தெளிந்திருந்தால், மேற்கே திருவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலைத்தொடர் நீலக் கோடு இழுத்தாற்போலத் தோன்றும். இப்பகுதிச் சிறுவர்க்கு மலை என்பது அந்த நீலக் கோடுதான். ஆண்டுக்கொரு முறை பெரியோர் சதுரகிரிக்கு நடந்து சென்று வந்து சொல்லும் செய்திதான்.

இத்தகைய வெயில் நிலத்தில், இதே மாவட்டத்தைச் சேர்ந்த ஜோகில்பட்டி என்னும் சிற்றூரில் பிறந்தவர் முத்தமிழ்ச்செல்வி. சென்னையில் சப்பானிய மொழி கற்பிக்கும் ஆசிரியராகவும், இரு குழந்தைகளின் தாயாகவும் வாழ்ந்துவந்த அவர், 2023-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் எவரெஸ்ட் முடியில் நின்றார். அம்முடியை எட்டிய முதல் தமிழ்நாட்டுப் பெண்மணி அவரே. அதன் பின்னர், பிற கண்டங்களின் உச்சிகளையும் நாடி அவர் பயணம் மேற்கொண்டார்.

மலையேறுவோரின் துணிவை எல்லாரும் பாராட்டுகின்றோம். ஆனால், ஏறத் தொடங்குவதற்கு நெடுநாள் முன்னரே அவர்கள் ஒரு முடிவு செய்தாக வேண்டும் என்பதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. உலகில் உள்ள ஆயிரக்கணக்கான சிகரங்களுள் எதன்மீது ஏறுவது? கயிற்றையும் கோடரியையும் கையில் எடுக்கும் முன்பே, ஏறுவோரின் உயிர் பெரும்பாலும் இந்த வினாவுக்கு அவர்கள் கூறும் விடையில்தான் தங்கியிருக்கின்றது.

உயரமான சிகரமே கடினமான சிகரம் என்று எண்ணுவது இயல்பு. அந்த உயரத்தை அளந்தறிந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 1802-ஆம் ஆண்டு, சென்னையை அடுத்த பரங்கிமலைக்கு அருகே, லாம்ப்டன் என்பவர் சங்கிலி கொண்டு நிலத்தை அளக்கத் தொடங்கினார். முக்கோணத்தின்மேல் முக்கோணமாக வடக்கே வளர்ந்த அந்த அளவைப் பணி, பல்லாண்டுகளுக்குப் பின் இமயத்தின் அடிவாரத்தை அடைந்தது. ‘பதினைந்தாம் சிகரம்’ என்று குறிக்கப்பெற்றிருந்த முடி உலகிலேயே உயர்ந்தது என்பது வங்காளத்துக் கணித வல்லுநர் இராதாநாத் சிக்தார் முதலியோரின் கணக்குகளால் தெளிந்தது. 1856-இல் அதன் உயரம் 29,002 அடி என வெளியிடப்பெற்றது. 2020-இல் நேபாளமும் சீனமும் சேர்ந்து அறிவித்த அளவு 8,848.86 மீட்டர், அதாவது ஏறத்தாழ 29,032 அடி. சிகரத்தின் அருகிற்கூடச் செல்லாமல், நூறு கல் தொலைவில் நின்று அளந்தவர்கள் முப்பது அடியளவே பிழைத்தனர் என்பது வியப்பன்றோ?

ஆயினும் உயரம் ஒன்றே சிகரத்தின் அருமையைக் காட்டுவதில்லை. ஏழு கண்டங்களின் ஏழு உச்சிகளையும் ஏறி முடிப்பதை இந்நாளில் பலர் குறிக்கோளாகக் கொள்கின்றனர். அவ்வேழனுள் ஒன்றாகச் சிலர் எண்ணும் ஆஸ்திரேலியாவின் கொசியஸ்கோ 2,228 மீட்டரே உயர்ந்தது. நம் உதகமண்டலத்துத் தொட்டபெட்டாவோ 2,637 மீட்டர்! ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர் உயரமாயினும், அதன்மேல் கயிறின்றி நடந்தே ஏறலாம். வட அமெரிக்காவின் தெனாலி அதைவிட முந்நூறு மீட்டர் அளவே மிகுந்தது. எனினும், வடதுருவ வட்டத்திற்கு அணித்தே இருப்பதால் அங்கு வீசும் குளிர்காற்று கிளிமஞ்சாரோவில் ஏறியவரையும் நடுங்க வைக்கும். இமயத்தில் ஏழாயிரம் மீட்டரை எட்டாத சிகரங்கள் சில, செங்குத்தான பாறைச் சுவர்களாலும் கத்தி முனை போன்ற முகடுகளாலும், எட்டாயிரம் மீட்டர்ச் சிகரங்களைவிட அரியனவாய் நிற்கின்றன.

உயரம் ஏற ஏறக் காற்று மெலிகின்றது. 5,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் பாதி. எவரெஸ்ட் உச்சியிலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அவ்வளவாகவே குறைந்துவிடும். எட்டாயிரம் மீட்டருக்கு மேல் எவ்வளவு உண்டாலும், எவ்வளவு உறங்கினாலும் உடல் தேறாது. நாளுக்கு நாள் தேயவே செய்யும். ஆகவே, சிகரத்தைத் தேர்வோர் அங்கே எத்தனை நாள் தங்க நேரும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிடுகின்றனர். பருவமும் அவர்கள் விருப்பப்படி அமைவதன்று. குளிர்காலத்தில் உயர் வானத்துக் கடுங்காற்று எவரெஸ்ட் போன்ற முடிகளை மோதிக்கொண்டே இருக்கும். மே மாதத்தில் அக்காற்று வடக்கே விலகும். சூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை வந்து பனியைக் கொட்டும். இவ்விரண்டிற்கும் இடையே கிடைக்கும் சில நாள்களே ஏறுவதற்கு உரியவை.

இவை எல்லாவற்றையும் ஒருங்கே சீர்தூக்கிப் பார்க்க நேர்ந்த ஒரு குழுவின் வரலாறு நினைக்கத்தக்கது. 1950-ஆம் ஆண்டில், மோரிஸ் எர்சோக் என்பவரின் தலைமையில் பிரெஞ்சு நாட்டினர் சிலர் நேபாளம் வந்தனர். அதுவரை எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் எதிலும் மனிதர் ஏறியதில்லை. தவளகிரி, அன்னபூர்ணா என்னும் இரண்டனுள் ஒன்றில் ஏற நேபாள அரசு அவர்களுக்கு இசைவு தந்தது. தவளகிரி 8,167 மீட்டர். அன்னபூர்ணா 8,091 மீட்டர். எதைத் தேர்வது? அவர்கள் கொண்டுசென்ற நிலப்படமோ பிழை மலிந்தது; அதில் காட்டிய வழிகள் மலையில் இல்லை. ஏறுவதற்கு முன் மலையையே தேட வேண்டியதாயிற்று! வாரக்கணக்கில் தவளகிரியைச் சுற்றி வந்து ஆராய்ந்தனர். எப்பக்கம் நோக்கினும் பனிச்சுவரும் பாறை முகடுமே எதிர்ப்பட்டன. மே 14-ஆம் நாள், துக்குச்சே என்னும் ஊரில் அனைவரும் கூடி ஆராய்ந்தனர். மழைக்காலம் வர மூன்று வாரங்களே எஞ்சியிருந்தன. உயர்ந்ததும் கடினமானதுமாகிய தவளகிரியைக் கைவிட்டு, அன்னபூர்ணாவை நோக்கித் திரும்புவது என எர்சோக் முடிவு செய்தார்.

அம்முடிவால் அவர்கள் வென்றனர். சூன் 3-ஆம் நாள் எர்சோக்கும் லாஷனலும் அன்னபூர்ணாவின் உச்சியை அடைந்தனர். ஆனால், வென்ற விதத்தையும் நாம் அறிதல் வேண்டும். குழுவின் செர்ப்பாத் தலைவர் ஆங் தார்கே என்பவரையும் உச்சிக்கு உடன் வருமாறு எர்சோக் மேல்முகாமில் அழைத்தார். தம் பாதங்கள் உறையத் தொடங்கிவிட்டன என்று கூறி அவர் பணிவுடன் மறுத்துக் கீழிறங்கினார். உச்சி கைக்கெட்டும் தொலைவில் இருக்கையில் இவ்வாறு திரும்புவது எளிதன்று. இந்நிகழ்ச்சியை வியந்து எழுதுவோர் அவரை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். அக்குழுவில் தம் உடலை ஐயமறப் படித்தறிந்தவர் அவரே என்பது என் கருத்து. லாஷனலின் பாதங்களும் உணர்விழந்து வந்தன. மலை வழிகாட்டியாகிய அவருக்குக் கால்களே வாழ்வு. தாம் திரும்பினால் என் செய்வீர் என்று அவர் வினவ, தனியே மேற்செல்வேன் என்றார் எர்சோக். அவரைத் தனியே விட மனமின்றி லாஷனலும் தொடர்ந்தார்.

இறங்கும்போது எர்சோக் பையைத் திறப்பதற்காகக் கையுறைகளைக் கழற்றினார். அவை சரிவில் உருண்டு மறைந்தன. பையில் மாற்றுக் காலுறை இருந்தும், அதைக் கையில் மாட்டிக்கொள்ளலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. மெலிந்த காற்றில் அறிவும் மெலிந்துவிடுகின்றது! மறுநாள் பனிப்புயலில் வழி தவறி, அவ்விருவரும், அவர்களைக் காக்க முன்வந்த தெரே, ரெபூபா என்னும் நண்பர் இருவரும், ஒரு பனிப்பிளவினுள் இரவைக் கழித்தனர். விடியற்காலையில் பனி சரிந்து அவர்கள் காலணிகளைப் புதைத்தது. பனியொளி தாக்கியதால் தெரேயும் ரெபூபாவும் கண்பார்வை மங்கிக் கிடந்தனர். பின்னர்க் கீழே சுமந்து வரப்பெற்ற எர்சோக்கும் லாஷனலும் கால்விரல்கள் அனைத்தையும் இழந்தனர். எர்சோக் கைவிரல்களிலும் பெரும்பகுதியை இழந்தார். மழை அதற்குள் தொடங்கிவிட்டது.

ஏறத் தகுந்தது என்று அன்று தேர்ந்த அன்னபூர்ணா, பிற்காலத்தில் எட்டாயிரம் மீட்டர்ச் சிகரங்களுள் மிகுதியாக உயிர் கொள்வனவற்றுள் ஒன்றெனப் பெயர் பெற்றது. அடிக்கடி சரியும் பனியே காரணம். அவர்கள் விட்டுவந்த தவளகிரியில் பத்தாண்டு கழித்து, 1960 மே 13-இல், வேறொரு குழு ஏறிற்று. அப்படியாயின் எர்சோக் தேர்ந்தது தவறா? அவ்வாறு கூற இயலாது. ஏறும் வழி தெரிந்த மலை ஒன்று, தெரியாத மலை ஒன்று, மூன்றே வாரம். இந்நிலையில் அவர் செய்த தேர்வு பொருத்தமானதே. கால் உறைந்த தோழரை உடன் வைத்துக்கொண்டு உச்சியில் நேரம் போக்கியதே பிழை.

சில சிகரங்களை ஏறாமல் விடுவதும் தேர்வின் பகுதியே. 1955-இல் கஞ்சன்ஜங்காவை ஏறிய பிரித்தானியர், அம்மலையைத் தெய்வமாகப் போற்றும் சிக்கிம் மக்களுக்கு அளித்த வாக்கின்படி, உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றுவிட்டனர். நேபாளத்தின் மச்சபுச்சரேயில் 1957-இல் ஏறிய குழுவும் முடியை மிதிக்காமல் திரும்பியது. பிறகு அம்மலையில் ஏற இசைவு வழங்கப்படவில்லை. பூட்டானோ, 1994-இல் ஆறாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் ஏறுவதைத் தடுத்து, 2003-இல் மலையேற்றத்தையே முற்றும் விலக்கியது. 7,570 மீட்டர் உயர்ந்த கங்கர் புவென்சும் இதனால் மனித அடி படாத மிகவுயர்ந்த சிகரமாக நிற்கின்றது.

சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெயில் ஏறுமுன், விடியற்காலையிலேயே மருந்து கலக்கும் வேலையை முடித்துவிடுவர். எஞ்சிய வேலை எவ்வளவு இருப்பினும், வெயில் ஏறிவிட்டால் கையை எடுத்துவிட வேண்டும். அதை அறிந்த இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு, மலையேறுவோர் வைத்துக்கொள்ளும் ‘திரும்பும் நேரம்’ என்பதை விளக்க வேண்டுவதில்லை. உச்சி எவ்வளவு அருகே இருப்பினும், குறித்த மணி வந்துவிட்டால் இறங்கத் தொடங்குதல் வேண்டும் என்பதே அது.

நம் நாட்டினர் எவரெஸ்ட்டைத் தேர்ந்த வரலாறு இதற்குச் சான்று. 1960-இல் பிரிகேடியர் கியான் சிங் தலைமையில் சென்ற முதற் குழுவினருள் நவாங் கோம்பு, சோனம் கியாட்சோ, நரேந்திர குமார் ஆகிய மூவர், மே 25-ஆம் நாள் 28,300 அடி உயரத்தை எட்டினர். உச்சிக்கு எழுநூறு அடியே எஞ்சியிருந்தது. காற்று தாங்க முடியாததாயிற்று. மூவரும் திரும்பினர். 1962-இல் மேஜர் ஜான் டயஸ் தலைமையில் சென்ற குழு 28,600 அடி வரை ஏறி, அதுவும் திரும்பியது. இருமுறை தோற்ற மலையை விட்டு வேறொன்றை நாடியிருக்கலாம். அவர்கள் அதையே மூன்றாம் முறையும் தேர்ந்தனர். ஏனெனில், அம்மலையின் ஒவ்வொரு முகாமும், ஒவ்வொரு சரிவும் அவர்களுக்கு இப்போது தெரிந்திருந்தன.

1965-இல் கடற்படை அதிகாரி கோலியின் தலைமையில் சென்ற குழு, ஏப்ரல் இறுதியிலேயே தென் கணவாயை அடைந்துவிட்டது. வானிலை மாறிற்று. அரிதின் ஏறிய உயரத்தையெல்லாம் கைவிட்டு, அனைவரும் அடிமுகாமுக்கு இறங்கிக் காத்திருந்தனர். மே 20-ஆம் நாள் சீமா என்பவரும், முன்பு காற்றுக்கு அஞ்சாமல் அதற்கு மதிப்பளித்துத் திரும்பிய நவாங் கோம்புவும் உச்சியில் நின்றனர். அடுத்த ஒன்பது நாளில் மேலும் எழுவர் ஏறினர். 1960-இல் கோம்புவுடன் திரும்பிய சோனம் கியாட்சோவும் அவர்களுள் ஒருவர். கோம்பு 1963-இலேயே அமெரிக்கக் குழுவுடன் எவரெஸ்ட் ஏறியிருந்தார். ஆகவே, எவரெஸ்ட் உச்சியை இருமுறை அடைந்த முதல் மனிதர் அவரே ஆனார்.