தொழிலில் புதுமையும் நமது சிறு கடைகளும்



“புத்தாக்கம்”, “தொழில்முனைப்பு” என்று அரசாங்கம் ஓயாது பேசி வருகிறது. நம்மில் பலர் அதைக் கேட்டு, “இது படித்தவர்களுக்கும் தொழிற்சாலைக்காரர்களுக்கும் உரிய பேச்சு, மளிகைக் கடைக்கும் துணிக் கடைக்கும் இதில் என்ன வேலை?” என்று இருந்து விடுகிறோம். அப்படி இருப்பது நஷ்டத்துக்கு வழி. நாம் வரியாகச் செலுத்துவதில் நமது கடைக்கும் திரும்பி வரக்கூடிய பங்கு ஒன்று உண்டு. அதைப் பெறும் முறையையும், அதில் ஹலால் ஹராம் பேணும் விதத்தையும் இப்பாடத்தில் காண்போம்.

முதலில் சிறிது வரலாறு. 1960-ல் ஐக்கிய நாட்டுச் சபையின் குழு ஒன்று, டச்சு நாட்டு நிபுணர் ஆல்பர்ட் வின்செமியஸ் தலைமையில் இங்கு வந்து ஆராய்ந்தது. நிதியமைச்சர் கோ கெங் சுவீ காலத்தில், 1961 ஆகஸ்டில் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைந்தது. ஜூரோங் சதுப்பு நிலம் தொழிற்பேட்டையாயிற்று. வெளிநாட்டுக் கம்பெனிகளை அழைத்து வேலை தேடிக்கொண்ட நாடு, பின்னர் சொந்த அறிவையும் வளர்க்க எண்ணி, 1991-ல் 200 கோடி வெள்ளியில் தேசியத் தொழில்நுட்பத் திட்டம் வகுத்தது. 2021 முதல் 2025 வரையிலான திட்டத்துக்கு ஒதுக்கியதோ 2,500 கோடி வெள்ளி. அது பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடங்களுக்கு உரியது. சிறு வியாபாரிக்கு உரிய வாசல் வேறு. அது, 2018 ஏப்ரலில் இரண்டு அரசாங்கக் கழகங்களை ஒன்றாக்கி அமைத்த எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் ஆகும்.

புதுமை என்றால் இயந்திரம் வாங்குவது மட்டும் என்று எண்ண வேண்டாம். 1971-ல் கேம்பல் லேனில் சிறு துணிக் கடையாகத் தொடங்கிய முஸ்தபா, 2003-ல் இரவும் பகலும் கடையைத் திறந்து வைக்கும் முறையைக் கொண்டு வந்தது. அது எந்த ஆராய்ச்சிக் கூடத்திலும் பிறந்ததன்று. வேலை முடிந்து நேரம் கழித்து வருகிறவருக்கும் சாமான் வேண்டும் என்று வாடிக்கையாளரின் தேவையை அறிந்ததில் பிறந்தது. நமது கடையில் எந்தச் சரக்கு வீணாகிறது, எந்தக் கணக்கு ஒவ்வொரு மாதமும் இடிக்கிறது என்று பார்ப்பதே முதல் பாடம். குறையை அறியாமல் கருவி வாங்கினால் அது மூலையில் தூசி படிந்து கிடக்கும்.

இனி நான்கு விஷயங்களைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

ஒன்று: மானியம். 2018-ல் தொடங்கிய உற்பத்தித்திறன் தீர்வு மானியம், சரக்கு இருப்புக் கணக்கு, கல்லாக் கணக்கு போன்றவற்றுக்கான மென்பொருளுக்கும் சில கருவிகளுக்கும் உதவுகிறது. 2023 ஏப்ரல் முதல் உதவியின் அளவு செலவில் பாதி வரை என்று ஆயிற்று. இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். முதலில் மனுச் செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின்னரோ முன்பணம் கொடுத்த பின்னரோ மனுச் செய்தால் மானியம் இல்லை. அனுமதி கிடைத்த பின், முழுத் தொகையையும் நாமே செலுத்தி, ரசீது காட்டினால்தான் பணம் திரும்பி வரும். சாமான் 4,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம்; பாதி பின்னால் வருவது உண்மைதான், ஆனால் இன்று கையில் 4,000 வெள்ளியும் இருக்க வேண்டும். இதை எண்ணாமல் இறங்கினால் அந்த மாதத்து வாடகைக்குத் தட்டுப்பாடு வரும்.

இரண்டு: மானியம் வேறு, கடன் வேறு. மானியத்துக்கு வட்டி கிடையாது. ஆனால் தொழில் நிதி உதவித் திட்டம் என்ற பெயரில் வங்கிகள் மூலம் வருவது கடன். அரசாங்கம் அதில் ஆபத்தில் ஒரு பங்கை ஏற்கிறது என்பதால் வட்டி வட்டி அல்லாமல் போய்விடாது. “அரசாங்க உதவி” என்ற பெயரைக் கண்டு மயங்காமல், தாளை முழுதும் படித்து, சந்தேகம் இருந்தால் ஆலிம்களிடம் கேட்டுச் செய்வது ஈமானுக்கும் நல்லது, வியாபாரத்துக்கும் நல்லது.

மூன்று: பெயரைக் காப்பது. நமது மசாலாத் தூளுக்கு வைத்த பெயர், கைராசி போன்ற சொத்து. கடைப் பெயரை அக்ராவில் பதிந்தாலே அது வணிகச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்டது என்று நினைப்பது தவறு. அறிவுசார் சொத்து அலுவலகத்தில் தனியே பதிய வேண்டும். பதிந்தால் 10 ஆண்டு செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். மசாலாவை நெடுநாள் கெடாமல் அடைக்கவோ புதுச் சரக்காக்கவோ எண்ணுகிறவர்களுக்கு, சிங்கப்பூர்ப் பலதுறைத் தொழிற்கல்லூரியில் 2007-ல் ஏற்பட்ட உணவுப் புத்தாக்க நிலையம் இருக்கிறது. உம்மாமார் கைப்பக்குவத்தை அளவு தவறாத முறையாக்க இத்தகைய இடங்கள் உதவும்.

நான்கு: அமானத். முன்பு உற்பத்தித்திறன், புத்தாக்கச் சலுகை என்று ஒரு திட்டம் இருந்தது. வாங்காத சாமானுக்கு ரசீது காட்டிப் பணம் பெற்றவர்கள் வழக்கு மன்றம் ஏறினார்கள். 2018 வரி மதிப்பீட்டு ஆண்டோடு அத்திட்டமும் முடிந்தது. பொதுப் பணம் எல்லோருடைய பணம். அதில் பொய்க் கணக்குக் காட்டுவது எல்லோருடைய ஹக்கிலும் கை வைப்பதாகும். “எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், கையெழுத்து மட்டும் போடுங்கள்” என்று வரும் தரகரிடம் ஜாக்கிரதை. கையெழுத்து உங்களுடையது, பதில் சொல்ல வேண்டியவரும் நீங்களே.

மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்சாரித் தோழர் ஸஅது இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி காட்டுமாறு கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று உயர்ந்தார்கள். உதவியை நாம் நோக்க வேண்டிய முறை இதுவே. அரசாங்கம் வழியைக் காட்டலாம்; சந்தையில் நின்று விற்பது நமது உழைப்பு.

மனுக்கள் கணினி வழியே, ஆங்கிலத்தில் செய்யப்படுகின்றன. தமிழ் மட்டும் படித்த பெரியவர்கள் இதனாலேயே ஒதுங்கி நிற்கிறார்கள். ஆகவே படித்த பிள்ளைகள் வாரம் ஒரு மணி நேரமாவது கடைக்கு வந்து வாப்பாவுடன் அமர்ந்து கணக்கைப் பாருங்கள். ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்குங்கள். சங்கத்தார் மஃரிபுக்குப் பின் ஒரு நாள் ஒதுக்கி, மனு எழுதத் தெரிந்தவரை அமர்த்தினால் எத்தனையோ கடைகள் பிழைக்கும். கணக்குச் சுத்தமாக இருக்கும் கடைக்கே மானியமும் எளிது, ஜகாத்தும் எளிது.

அல்லாஹ் நமது திஜாரத்தில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.