வெள்ளை அடைப்பும் வாயில் ஊறும் நொதியும்



"டிரெஸ்ஸர் ஐயா, ரெண்டு வருசத்துக்கு முன்னே அடைச்ச பல்லு திரும்ப வலிக்குதே, வச்ச மருந்து சரியில்லையா?" என்று கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் கேட்டார். கிராம்புத் தைலத்திலேயே ஒரு மாதம் ஓட்டிவிட்டு, கன்னம் வீங்கிய பிறகுதான் வந்தார். ஆனாலும் நல்ல கேள்வி.

பல் நிறத்தில் வைக்கும் அடைப்பு, பிளாஸ்டிக் பசையும் கண்ணாடி, பீங்கான் வகைத் தூளும் சேர்ந்த கலவை. எடையில் முக்கால் பங்கு வரை தூள்தான். தூள் தேய்மானத்தைத் தாங்கும், பசை பிடித்து வைக்கும். அமெரிக்கப் பல் மருத்துவர் ரஃபேல் போவன் 1962-இல் காப்புரிமை பெற்ற பசையே இதற்கு மூலம்.

பசை நீல விளக்கு வெளிச்சத்தில் இறுகுகிறது. சரியாக இறுகாவிட்டால் மிச்சப் பசை கசிந்து பல் நரம்பை உறுத்தும். விளக்குப் பிடிக்கும்போது வாயை மூடாதீர்கள்.

இனி நம் உடம்பு அடைப்பை என்ன செய்கிறது என்று பாருங்கள். சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கிறதல்லவா? எச்சிலில் உள்ள நொதி, அதாவது என்சைம், மாவை அறுத்துச் சர்க்கரையாக்குகிறது. எஸ்டரேஸ் என்னும் இன்னொரு நொதி அந்தப் பசையையே மெல்ல மெல்ல அறுக்கிறது. பல்லை அரிக்கும் கிருமியிடமும் இதே கத்தரி உண்டென்று கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தார் காட்டியிருக்கிறார்கள். போதாததற்கு, பல்லுக்குள்ளேயே சில நொதிகள் தூங்குகின்றன. அடைப்பு ஒட்டுவதற்குத் தடவும் அமிலமே அவற்றை எழுப்பிவிடும். அவை ஒட்டிய இடத்து நாரைத் தின்றால் ஓரத்தில் மயிரிழைச் சந்து விழும், கிருமி உள்ளே போகும். அக்காவுக்கு நடந்தது இதுதான்.

வெள்ளி அடைப்பை நொதி அறுக்காது. ஆனால் அதில் பாதரசம் உண்டு. 2013 மினமாட்டா உடன்படிக்கைக்குப் பின் பல நாடுகளில் அதைக் குறைத்து வருகிறார்கள்.

மலைக் குளிருக்கு டின் பால் தேத்தண்ணியை நாள் முழுக்க உறிஞ்சுகிறோமே, ஒவ்வொரு வாயும் கிருமிக்குத் தீனி! ஒரே தடவையில் குடித்துவிட்டு வாய் கொப்பளியுங்கள். காலையும் இரவும் ஃபுளோரைடு பசையால் துலக்குங்கள். அடைத்த பல் வலிக்காவிட்டாலும் வருசம் ஒருமுறையாவது அதன் ஓரத்தைக் காட்டுங்கள்.

கன்னம் வீங்கிக் காய்ச்சல் அடித்தால், வாய் திறக்க முடியாவிட்டால், தைலம் தேடாதீர்கள். அன்றைக்கே தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.